ஒருமுறை தாவும் ராஜா

பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க வந்த முதல் சனிக்கிழமையே சுகிர்தபாய் டீச்சர் ஒரு ராஜாவைப் பறிகொடுத்தார். வெள்ளை ராஜாவை உண்ணி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவனுக்கு வயது ஐந்துதான், ஆனால் வாய் பாறசாலை ரயில்வே கேட் அளவுக்குத் திறக்கும். டீச்சர் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "துப்பு மக்கா, துப்பு" என்றார். அவன் ஒரு குதிரையைத் துப்பினான். அதை எப்போது போட்டான் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் கொஞ்சம் குலுக்கியபோது ஒரு சட்டைப் பொத்தானும் ஒரு புளியங்கொட்டையும் வந்தன. ராஜா வரவில்லை. அவன் அம்மா சரோஜம் மறுநாள் காலைவரை பொறுத்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை.

கடைசியில் டீச்சர் தன் கைப்பையிலிருந்து பச்சை மூடி போட்ட காலித் தைலக்குப்பி ஒன்றை எடுத்து ராஜாவின் கட்டத்தில் வைத்தார்.

"இனி இதாக்கும் ராஜா. எல்லாரும் கண்டுக்கிடுங்க."

பிள்ளைகள் ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்து, ராஜாதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இது நடந்தது பனச்சமூட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் தமிழ் ஊர் வாசகசாலையில்; ஊர்ப்பேச்சில் வாயனசாலை. நடந்த வருடம் தொண்ணூற்று நாலு. நான் டிரான்ஸ்போர்ட்டில் கண்டக்டர் வேலையை முடித்து வந்த புதிது. வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் சுற்றியவனுக்கு உட்கார ஒரு பெஞ்சு கிடைத்தால் எழுந்திருப்பானா? காலையில் பத்திரிகைக்கு முன்பே போய் உட்கார்ந்தால், பூட்டுகிறவன் சாவியைக் குலுக்கும்போதுதான் எழுந்திருப்பேன். வாசகசாலைக்கு இரண்டே அறைகள். முன்னறையில் பத்திரிகையும் எங்கள் பெஞ்சும். பின்னறையில் சனிக்கிழமை மதியம் டீச்சரும் பிள்ளைகளும்.

டீச்சர் திருப்புறத்தில் பிறந்து எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவர். கணவர் மஸ்கட்டில். நர்சரியில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தது போக மீதி நேரத்தில் இதையும் ஏற்றுக்கொண்டார். அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். பின்னறைத் தரை முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுப் பிள்ளைகளையே காய்களாக நிறுத்தினார். ஆள் பற்றாமல் போன இடத்தில் மண்ணெண்ணெய் டின்னும் வாளியும் சிப்பாயாக நின்றன. சானு யானை. ஆதிரா ராணி, ராணியாக இருந்தாலும் மூக்கு ஒழுகியது. குதிரைக்கு சோனா.

"குதிர எப்பிடிப் போவும்?"

"முன்னால ரெண்டு, பக்கத்துல ஒண்ணு டீச்சரே!" என்று சோனா சாடுவாள்; தாவுவதை எங்கள் ஊரில் சாட்டம் என்போம். சாடுகிற வேகத்தில் வாளி உருளும்.

வெட்டுப்பட்ட பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். அதற்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெட்டுப்பட்டு வெளியே வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கப்பலண்டி மிட்டாய், கடலை மிட்டாய்தான். அவ்வளவுதான், சதுரங்கம் பிறந்த நாள் முதல் நடக்காத ஒன்று எங்கள் வாசகசாலையில் நடந்தது. இரண்டு பக்கத்துப் படையும் சாவதற்கு அடித்துக்கொண்டு முன்னே வந்தன. "என்ன வெட்டு, என்ன வெட்டு" என்று சிப்பாய்கள் கதறினார்கள். ராணி ஓடிப்போய் எதிரி யானையின் முன்னால் நின்றாள். நான் சிரித்த சிரிப்பில் முன்னறையில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

இந்தக் கூத்தின் நடுவில்தான் செல்லசாமி எட்டிப் பார்த்தார். வாசகசாலையின் செக்ரட்டரி அவர். ரப்பர் ஷீட் வியாபாரம். சுற்றுவட்டாரத்தில் காய்கிற ரப்பர் ஷீட்டெல்லாம் அவருடைய கடைக்குத்தான் நடந்து போகும். எங்கள் பெஞ்சில் சதுரங்கத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது. ஜெயிக்கப் பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சில் இடம் கிடையாது. அவருடைய கடைக்குட்டி அகிலும் டீச்சரிடம்தான் படித்துக்கொண்டிருந்தான். ஏழு வயது. கெட்டிக்காரப் பிள்ளை.

"ராஜா எங்க போனாலும் ஒரு கட்டந்தான்" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டீச்சரே, ராஜாவுக்கு ஒரு சாட்டம் உண்டு" என்றார் செல்லசாமி.

"என்ன அண்ணா?"

"ஒரு களியில ஒரே ஒரு தடவ ராஜா குதிரைய மாதிரி சாடலாம். மொத செக் கேக்கும்போ சாடணும். மொத செக்குக்குச் சாடாம வேற வழியில தப்பிச்சாம்னா, பொறவு சாட்டம் கெடையாது. எங்க அப்பன் காலத்துல இருந்து இங்க உள்ள நியமம் இதாக்கும்."

அது உண்மைதான். எங்கள் பெஞ்சுக் களியில், அதாவது ஆட்டத்தில், ராஜா அப்படித்தான் தாவும். எல்லையோரத்தில் இப்படி எத்தனையோ உண்டு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் சதுரங்க யானை கோணலாக நடக்கும், அந்தப் பக்கம் போனால் அதே யானை நேராக நடக்கும். யானைக்கே இந்தக் கதி என்றால் ராஜாவைப் பற்றி என்ன சொல்ல.

டீச்சர் சிரித்தார். "பெரியவங்க களிக்கது எப்பிடியும் இருக்கட்டும் அண்ணா. புத்தகத்துல ராஜாவுக்குச் சாட்டம் இல்ல. நெய்யாற்றங்கரையில போயி இதுங்க சாடிச்சுன்னா களி தோத்துப் போவும்."

செல்லசாமியும் சிரித்தார். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போன வேகம் சிரிப்போடு சேரவில்லை.

நெய்யாற்றங்கரை என்று டீச்சர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தாலுகா அளவில் சதுரங்கப் போட்டி அங்கே நடக்கப்போகிறது, ஒரு வாசகசாலைக்கு ஒரு பிள்ளையை அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. அன்றிலிருந்து சோனாவுக்கு வேறு பேச்சில்லை. அவள் ஜீப் ஓட்டும் சத்தியதாஸின் மகள். வெள்ளரடைக்கு அப்பால் போயிராத பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா சத்தியபாய் தைத்து வைத்திருந்த மஞ்சள் கவுனை, நெய்யாற்றங்கரைக்குப் போகும்போதுதான் போடுவேன் என்று பிடிவாதமாக எடுத்து வைத்துவிட்டாள். என்னைக் கண்டால் போதும், பெஞ்சருகில் வந்து நிற்பாள்.

"கண்டக்டர் மாமா, நெய்யாற்றங்கரை எப்பிடி இருக்கும்?"

"அதுவா? போட்டி நடக்க கட்டிடம் இருக்கே, அதுக்குத் தூணெல்லாம் வானத்தத் தொடும். மேல நிக்க புறாவுக்குத் தல சுத்தும். கீழ விழாம இருக்க அதுக்குக் கயிறு கெட்டி வச்சிருக்கு."

"பொய்யி" என்று சொல்வாள். சொல்லிவிட்டு, "எத்தன கயிறு?" என்றும் கேட்பாள்.

என்னுடைய கதைகளுக்கு ஊரில் நல்ல மதிப்பு. அந்த வாரம்தான் நெய்யாறு கால்வாயில் முதலை கண்ட கதையை இறக்கியிருந்தேன். அந்த முதலை மதகுக்கருகில் யாருடைய சைக்கிளையோ விழுங்கிவிட்டது. விழுங்கிவிட்டு வளைவு திரும்பும்போதெல்லாம் வயிற்றுக்குள்ளிருந்து பெல் அடித்துக்கொண்டே போயிற்று. தையல்கடை ரெத்தினதாஸ் இந்தக் கதையை ஒற்றசேகரமங்கலம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தான். அங்கிருந்து திரும்பி வரும்போது முதலை இரண்டாகியிருந்தது. நான் ஆட்சேபிக்கவில்லை.

டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் ஆடவிட்டுப் பார்த்ததில் கடைசியில் மிஞ்சியது சோனாவும் அகிலும். இருவரில் ஜெயிக்கிறவர் நெய்யாற்றங்கரைக்குப் போகலாம். சோனாவுக்கு இதை விட்டால் வழியில்லை. அடுத்த வருடத்துக்குள் எட்டு முடிந்துவிடும். அகில் அவளைவிடச் சிறியவன்.

ஆட்டத்தை முன்னறையில், எங்கள் பெஞ்சின் மேல் வைத்தார்கள். "டீச்சர் வெளிய நில்லுங்க. பக்கத்துல நின்னா பிள்ளைகளுக்குக் கண்ணு காட்டுவீங்க" என்றார் செல்லசாமி. இரண்டுமே டீச்சரின் பிள்ளைகள், அவர் யாருக்குக் கண்ணைக் காட்டப்போகிறார்? இருந்தாலும் எதிர்த்துப் பேசாமல் கிணற்றடியில் போய் நின்றார். அப்பன் பக்கத்தில் நின்றால் அது கண் காட்டுவது ஆகாது போலும். செல்லசாமி அகிலின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார்.

அகிலுக்கு வெள்ளை, அதாவது தைலக்குப்பி அவனுடைய ராஜா. சோனா மஞ்சள் கவுன் போடாமல் பள்ளிக்கூடப் பாவாடையில் வந்திருந்தாள். இரண்டு பேரும் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் பெஞ்சின் ஓரத்தில், சோனாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அடுத்தபடி சத்தியதாஸ். எதிரே ரெத்தினதாஸ்.

பாதி ஆட்டத்தில் சாயக்கடையிலிருந்து சாயாவும் பழம்பொரியும் வந்தன. அவ்வளவு பேரும் தட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். யாருக்குப் பெரிய துண்டு என்று செல்லசாமிக்கும் ரெத்தினதாஸுக்கும் அங்கே தனியாக ஒரு சதுரங்கம் நடந்தது. அந்த நேரத்தில்தான் சோனா தன் குதிரையை எடுத்தாள். முன்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று. வைத்துவிட்டு, சின்னக் குரலில், "செக்" என்றாள்.

அகில் பார்த்தான். தைலக்குப்பியை ஒரு கட்டம் தள்ளி வைத்தான். தாவவில்லை. இதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன்.

அதற்குப் பிறகு சோனா ஆடிய ஆட்டம்! மிகைப்படுத்தவே தேவையில்லாத ஆட்டம் அது ஒன்றுதான். ராணியைக் கொண்டுவந்தாள், குதிரையைத் துணைக்கு வைத்தாள், தைலக்குப்பி மூலையில் மாட்டிக்கொண்டது. இப்போது எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தார்கள்.

"செக்கு" என்றாள் சோனா, இந்தத் தடவை உரக்க. "மேட்டு."

அகில் பலகையின் மேல் குனிந்தான். குப்பியை எடுத்து இங்கே வைத்துப் பார்த்தான், அங்கே வைத்துப் பார்த்தான். போக ஒரு கட்டமும் இல்லை. அப்போது அவன் தலை மெல்லப் பின்னால் திரும்பியது.  செல்லசாமி நெஞ்சில் சொறிகிறவர்போல இரண்டு விரலை நீட்டி, ஒன்றை மடக்கினார். அகில் தைலக்குப்பியைத் தூக்கிக் குதிரைபோல ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் வைத்தான்.

"அடி சக்கை! சாடினாம் பாரு ராஜா!" என்று ரெத்தினதாஸ் தொடையில் தட்டினான்.

"டீச்சரே!" என்று சோனா கத்தினாள்.

டீச்சர் வாசற்படிக்கு வந்தார். "அண்ணா, நான் பிள்ளைகளுக்கு இதச் சொல்லிக்கொடுக்கல்லியே. இது புத்தகத்துல இல்லாத சாட்டமாக்கும்."

"புத்தகம் நெய்யாற்றங்கரையில. வாயனசாலைக்குள்ள வாயனசாலைக்க நியமம்" என்றார் செல்லசாமி.

டீச்சர் உள்ளே வந்தார். பிறகு சொன்னார்: "செரி. உங்க நியமமே இருக்கட்டும். மொத செக்குக்கு மட்டுந்தானே சாட்டம்? நீங்க சொன்னதுதானே அண்ணா? இது மொத செக்கா?"

ரெத்தினதாஸ் தொடையில் வைத்த கையை எடுத்தான்.

"நான் முன்னயே செக் சொன்னேன்" என்றாள் சோனா. "குதிரைய வச்சு. இவன் ராஜாவ ஒரு கட்டம் மாத்தி வச்சான்."

"யாரு கேட்டா?" என்றார் செல்லசாமி.

"நான் கேட்டேன்" என்றேன். "கேட்டேன், கண்டேன். நீங்க எல்லாம் பழம்பொரியில இருந்தீங்க. பிள்ள சொன்னது உள்ளது, பொய்யில்ல."

ரெத்தினதாஸ் என்னைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "கண்டக்டர் அண்ணன் கண்டாராம் பா. சைக்கிளு முழுங்கின முதலையக் கண்ட அதே கண்ணு கேட்டியளா!"

பெஞ்சு குலுங்கியது. "அண்ணா, அந்தச் செக்குக்குப் பெல் இருந்துதா?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கேடு. சிரித்துக்கொண்டே "சத்தியமா" என்றேன். சிரித்துக்கொண்டு செய்த சத்தியத்தை யார் எடுப்பார்கள்?

"சத்தியதாசே, ஒனக்க மோளு செக் சொன்னது நீ கேட்டியாலே?" என்றார் செல்லசாமி.

சத்தியதாஸ் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். என் காதில் விழுந்தது அவன் காதில் விழாமல் எங்கே போயிருக்கும்? ஆனால் அவன் ஜீப் வாரம் முழுக்கச் சுமப்பது செல்லசாமியின் ரப்பர் ஷீட்டை. அவன் சாயாக் கிளாஸின் அடியில் எதையோ தேடினான். "நான்... சாய குடிச்சிட்டு இருந்தேன் அண்ணா. கவனிக்கல்ல."

"அப்பா!" என்றாள் சோனா.

"விடு மக்கா. ஒரு களிதானே. அடுத்த வருசம் போலாம்."

"அடுத்த வருசம் எனக்கு எட்டு கழிஞ்சிருமே அப்பா."

சத்தியதாஸ் மறுபடி கிளாஸுக்குள் குனிந்தான். டீச்சர் பெஞ்சின் முன்னால் குனிந்து அகிலின் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "மக்கா, நீ சொல்லு. சோனா முன்ன ஒரு செக் சொன்னாளா?"

அகில் டீச்சரைப் பார்த்தான். சோனாவைப் பார்த்தான். பிறகு தலையை அண்ணாந்து அப்பனைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

ஆட்டம் தொடர்ந்தது. அதற்குப் பிறகு சோனா காய்களைத் தள்ளினாள், அவ்வளவுதான். ராணியைக் கொண்டுபோய்ச் சிப்பாயின் வாயில் வைத்தாள். வெட்டுப்பட்டபோது மிட்டாய் கேட்கவில்லை. தோற்று முடிந்ததும் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். அகிலை ரெத்தினதாஸ் தோளில் தூக்கிக்கொண்டு சாயக்கடைவரை ஓடினான். சத்தியதாஸும் கூடப் போனான்.

நெய்யாற்றங்கரைக்கு நானும் போனேன். ரிட்டயரானவனுக்குப் பஸ் பாஸ் இருக்கும்போது போகாமல் எப்படி? டீச்சரும் வந்தார். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். பஸ்ஸில் அகிலைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அங்க ராஜாவச் சாட வைக்கக்கூடாது மக்கா. கேட்டியா? என்ன வந்தாலும் ஒரு கட்டந்தான்."

"செரி டீச்சரே."

"அவன் அறிவான்" என்றார் பின்சீட்டிலிருந்து செல்லசாமி. நெய்யாற்றங்கரையில் ஜெயித்து வரும்போது மாலை போடவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தார்.

போட்டி நடந்த கட்டிடத்துக்குத் தூணே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மர பெஞ்சுகள், ஜன்னலுக்கு வெளியே பெற்றோர்கள். அகிலுக்கு எதிரே கண்ணாடி போட்ட ஒரு குண்டுப் பயல். அகில் நன்றாகத்தான் ஆடினான். டீச்சர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவன் விரலில் இருந்தது. ஆனால் அந்தக் குண்டன் விடவில்லை. "செக்" என்றான், அகில் விலகினான். மறுபடி "செக்" என்றான், மறுபடி விலகினான். மூன்றாவது செக்கில் அகிலின் ராஜாவுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

அவன் ஜன்னலைப் பார்த்தான். அப்பனைக் கண்டதும் அவன் கைக்கு எல்லாம் மறந்துபோயிருக்கவேண்டும். பஸ்ஸில் டீச்சர் சொன்னது வெறும் பேச்சு; தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது இந்தத் தாவலுக்குத்தானே? ராஜாவை எடுத்துத் தாவவைத்துவிட்டு, யாராவது தொடையில் தட்டுவார்கள் என்று காத்திருந்தான்.

"சாரே! சாரே! இவன்றெ ராஜாவு சாடி!" என்று குண்டன் எழுந்து நின்று சிரித்தான். பக்கத்துப் பெஞ்சுகள் திரும்பின. ஹால் முழுக்கப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகளின் சிரிப்புக்கு இரக்கம் கிடையாது. அந்தக் கூரை பறந்து போய்விடும் என்று நினைத்தேன்.

நடுவர் நல்ல மனிதர். குனிந்து, "மோனே, ஆரா இது படிப்பிச்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அகில் விரலை நீட்டி ஜன்னலில் நின்ற அப்பனைக் காட்டினான். "அச்சன்."

நடுவரும், நாற்பது பிள்ளைகளும், ஜன்னல்களில் நின்ற அத்தனை தலைகளும் செல்லசாமியைப் பார்த்தார்கள். செல்லசாமி வேட்டி மடிப்பை அவிழ்த்துவிட்டார்.

"ஞானோ? ஞான் இதொந்நும் அறியில்ல சாரே. டீச்சரல்லே படிப்பிக்குந்நது" என்று, தனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லிக்கொடுப்பது டீச்சர்தான் என்று மலையாளத்தில் சொல்லி, பின்னால் நின்ற சுகிர்தபாய் டீச்சரைக் கை காட்டினார்.

அகிலின் விரல் நீட்டியபடியே நின்றது. அதை மடக்கவேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்தது. நடுவர் வெளியே வந்து, மரியாதையாகவே, மலையாளத்தில் டீச்சரிடம் சொன்னார்: சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் நாம் விதிகளைச் சரியாகப் படித்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் இப்படிப் பிள்ளைகள்தான் அவமானப்படும். டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் அகில் வந்து அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். டீச்சர் குனிந்து அவனைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அவன் அப்பனைப் பொய்யன் என்று நிறுவ அவரால் முடியவில்லை.

என்னால் முடியும். "சாரே, டீச்சர் அல்ல. அவரு ரப்பர் ஷீட்டு" என்று ஆரம்பித்தேன். அவசரத்தில் அப்படித்தான் வந்தது. நடுவர் என்னை மேலும் கீழும் பார்த்து, வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் ஏற்கெனவே வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் கதை இன்னும் நன்றாக வளர்ந்தது. பொய் வளர்ப்பதில் நான்தான் கெட்டிக்காரன் என்று இத்தனை காலம் ஒரு கர்வத்தில் இருந்தேன். பெஞ்சில் இருந்தவர்களின் முன்னால் நான் தூசு. நெய்யாற்றங்கரைக்காரர்கள் வேண்டுமென்றே நம் பிள்ளையைத் தோற்கடித்துவிட்டார்கள் என்றார்கள். "நம்மளக் கண்டா அவனுவளுக்குத் தமிழ்ப் பாண்டி. எல்ல தாண்டி அந்தப் பக்கம் போனா மலையாளத்தான். நமக்கு எங்கதான் நியாயம்?" என்று ரெத்தினதாஸ் பெஞ்சைத் தட்டினான். எல்லோருக்கும் கண் கலங்கியது. அந்தப் பெஞ்சில்தான் சோனா "அப்பா" என்று கூப்பிட்டாள்.

அடுத்த கமிட்டியில், விதி அறியாத ஆளை வைத்துப் பிள்ளைகளைக் கெடுக்கவேண்டாம் என்று முடிவாயிற்று. டீச்சரிடம் அதைச் சொல்லச் சத்தியதாஸை அனுப்பினார்கள். சனிக்கிழமை வகுப்பை அதற்குப் பிறகு செல்லசாமியே எடுத்தார். தரையில் கட்டம் இல்லை, மிட்டாய் இல்லை. முதல் பாடமே ராஜாவின் சாட்டம். அகில் வரவில்லை. வயிற்றுவலி என்றார்கள், சனிக்கிழமை மதியம் மட்டும் வருகிற வலி.

டீச்சர் பின்னறையைக் காலி செய்த அன்று காய்களை எண்ணிப் பெட்டியில் போட்டு ஒப்படைத்தார். தைலக்குப்பி மட்டும் அவருடைய சொந்தச் சொத்து. அதைப் போகிற வழியில் சோனாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சோனாவைப் பிறகு ஒருநாள் பனச்சமூட்டில் கண்டேன். சத்தியதாஸ் ஷீட் ஏற்ற ஆள் கூப்பிடப் போயிருந்தான். அவள் ஜீப்பின் முன்சீட்டில் தனியாக இருந்தாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். வளர்ந்த பிள்ளைக்கு அதன் கை இறுகிப்போயிருந்தது. தைலக்குப்பியின் பச்சை மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"என்ன மக்கா, ராஜா சுகமா இருக்காரா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "மாமா, நான் அன்னைக்கு மொதல்ல செக் சொன்னேனா?"

"என்ன கேள்வி இது? நீ அறியமாட்டியா?"

"அப்பா கேக்கல்லன்னு சொன்னாரு. அகிலு இல்லன்னான். செல்லசாமி மாமனும் இல்லன்னாரு. அம்ம சொல்லுதா, நான் மனசுக்குள்ள சொல்லியிருப்பேனாம், வெளிய சொல்லியிருக்க மாட்டேனாம்." மூடியைத் திருகினாள். "யோசிச்சா எனக்கும் இப்ப அப்பிடித்தான் தோணுது."

"நீ சொன்ன மக்கா. நான் கேட்டேன். குதிரைய வச்சு, சின்ன சத்தத்துல சொன்ன. அகில் குப்பிய ஒரு கட்டம் தள்ளி வச்சான். சத்தியம்."

சோனா என்னை நன்றாகப் பார்த்தாள். பஸ்ஸில் செல்லாத நோட்டை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

"முதல சைக்கிளு முழுங்கினது உள்ளதா மாமா?"

என் வாழ்நாளில் நான் ஒரு கதையையும் சுருக்கியதில்லை. முதலை சின்னதாவதை யார் விரும்புவார்கள்? ஆனால் அந்தப் பிள்ளை வேறு எதைப் பிடித்து நிற்கும்?

"இல்ல மக்கா" என்றேன். "முதலையே இல்ல. ஒரு மரக்கட்டை மெதந்து போச்சு. சைக்கிளு நான் சேத்தது."

"பெல்லு?"

"பெல்லும்."

"புறாவுக்குக் கயிறு?"

"கட்டிடத்துக்குத் தூணே கெடையாது மக்கா. ஆஸ்பெஸ்டாஸ் கூரை."

அவள் கொஞ்சநேரம் எதிரே போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தாள். நெய்யாற்றங்கரை என்று பலகை மாட்டிய பஸ்தான் அது. பிறகு, "அப்ப செக் சொன்னது?" என்றாள்.

"அது மட்டும் உள்ளது."

"எல்லாம் பொய்யி, அது மட்டும் உள்ளதா?" என்றாள். கேலி இல்லை, கேள்விதான்.

நான் இன்னொரு சத்தியத்துக்கு வாயெடுத்தேன்.

சத்தியதாஸ் ஆட்களோடு வந்துவிட்டான். என்னைக் கண்டதும் ஷீட் கட்டுகளைச் சரிபார்க்கிறவன்போலப் பின்பக்கம் போனான். வண்டி கிளம்பியது. சோனா தைலக்குப்பியை டாஷ்போர்டின் மேல் வைத்து, அது விழாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"முதல இருந்திருக்கலாம் மாமா" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.